அரசாங்க அகப்பக்கங்களில் மறைந்திருக்கும் கண்கள்

பெர்மாஸ் ஜெயாவில் வசிக்கும் ஒருவர், தம் நோயைப் பற்றி அறிய அரசாங்க அகப்பக்கம் ஒன்றைத் திறக்கிறார் எனக் கொள்வோம். அவர் எதைப் படிக்கிறார் என்பதை வேறொரு நிறுவனமும் அறிய முடியுமா?

முடியும். அகப்பக்கத்திலுள்ள காணொலி, பகிர்வுப் பொத்தான் போன்றவை பெரும்பாலும் வெளி நிறுவனங்களிடமிருந்து பெறப்படுபவை. பக்கம் திறந்ததும் உலாவி அந்நிறுவனங்களின் கணினிகளையும் தொடர்பு கொள்கிறது. அவை ‘குக்கி’ எனும் சிறு கோப்பைப் பயனரின் கருவியில் பதிக்கலாம். பிற அகப்பக்கங்களிலும் அக்குக்கி அவரை அடையாளம் காட்டும். பக்கத்தை அமைத்தவர்கள்கூட இதைக் கவனிக்காமல் இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத இதனைக் கண்டறிவது எப்படி? சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அரவிந்த் நாராயணனும் ஸ்டீவன் எங்கிள்ஹார்ட்டும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு தானியங்கிக் கருவியை உருவாக்கினர். அதன்வழி பத்து இலட்சம் அகப்பக்கங்களைத் திறந்து, அவற்றின் மறைமுகத் தொடர்புகளைப் பதிவு செய்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். செய்தி அகப்பக்கங்களில் பின்தொடர்தல் மிகுதியாகவும், அரசாங்க அகப்பக்கங்களில் குறைவாகவும் இருந்தது. எனினும், 2019இல் குக்கிபாட் நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்தின் 28 நாடுகளை ஆராய்ந்தபோது, 25 நாடுகளின் அரசாங்க அகப்பக்கங்களில் விளம்பரப் பின்தொடர்விகள் இருந்தன.

கடை பிடிக்காவிட்டால் வேறு கடைக்குச் செல்லலாம். அரசாங்கச் சேவைக்கு மாற்று இடமில்லை. ஆகவே, உலாவியின் அமைப்பில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கப் பழகுவோம். அது பின்தொடர்தலைக் குறைக்கும்.