மொறிஸ் மைனரில் ஒயில் ஒழுகினால்...

வெளியூரிலிருந்து யாழ்ப்பாணம் வருபவர்கள் இங்கே பழைய கார்கள் இன்னும் ஓடுவதைப் பார்த்து வியப்படைவதுண்டு. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் அவர்களுக்குக் காட்சிப் பொருட்கள். எங்களுக்கு அப்படியல்ல. 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமற் போனபோது, கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தவை இந்தக் கார்கள்தான். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு விலைகள் எட்டாத உயரத்துக்குப் போனபோதும், இருக்கிற பழசைப் பேணுவதைத் தவிர எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை.

என்னிடம் இருப்பது 1950களின் கடைசியில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர். 948 சிசி எஞ்சின். என் கணவர் ஹயர் ஓடிய கார். அவர் இல்லாத பின் நான் ஓட்டப் பழகி, காலையில் அயலிலுள்ள 5 பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறேன். பின்னேரத்தில் ஒடியல் மா, மிக்சர், முறுக்கு என்று எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் செய்பவற்றைக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். கார் நின்றால் என் வீட்டு அடுப்பு மட்டுமல்ல, இன்னும் சில வீட்டு அடுப்புகளும் நிற்கும்.

போன வருடம் ஒயில் ஒழுக்கு கூடியது. கிழமைக்கு அரை லீற்றர் ஊற்ற வேண்டியிருந்தது. இந்த எஞ்சினுக்கு மொத்தமே ஏறக்குறைய மூன்றேமுக்கால் லீற்றர்தான். காரை நிறுத்தும்போது கருகிய எண்ணெய் மணமும் வந்தது. நான் காட்டிய கராஜில் கீழே ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, பின்பக்கச் சீல் போயிட்டுது. எஞ்சினை இறக்கவேணும்" என்றார்கள். சொன்ன தொகை என் மகளின் ஒரு வருடப் படிப்புச் செலவு.

அந்தத் தம்பியின் பேச்சில் ஒரு விடயம் எனக்கு இடித்தது. இந்த வகை எஞ்சினின் பின்பக்கத்தில் றப்பர் சீல் என்று ஒன்று கிடையாது. சுழல்தண்டின் பின் முனையில் திருகாணியின் புரிபோல ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது அந்தப் புரி ஒயிலை உள்ளே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். எஞ்சின் நின்றதும் ஒன்றிரண்டு சொட்டு விழுவது அதன் பிறவிக் குணம். அந்தச் சொட்டு வெளியேறவென்றே கிளச் கூட்டின் அடியில் ஒரு துளையும், அது அடைபடாமல் ஆடிக்கொண்டிருக்க ஒரு பிளவாணியும் வைத்திருக்கிறார்கள். (பிற்காலத்தில் தனியாகச் செய்து விற்கும் சீல்கள் உண்டு. அவற்றைப் போடுவதும் எஞ்சினைக் கழற்றும் வேலைதான்.) ஆகவே, இறக்க முதல் ஒயில் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தீர்மானித்தேன்.

சகோதரிகளே, ஒழுக்கைத் தேடும் வேலைக்குப் பெரிய ஆயுதம் தேவையில்லை. பழைய தூரிகை, மண்ணெண்ணெய், துணி, முகத்துக்குப் பூசும் பவுடர், பழைய பத்திரிகைத் தாள், ஒரு ரோச் லைற் போதும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பற்றறி வயரைக் கழற்றி, டைனமோவையும் டிஸ்றிபியூற்றரையும் பொலித்தீன் பையால் மூடிக் கட்டுங்கள். கழுவப் பெற்றோல் பாவிக்கவே வேண்டாம், நெருப்புக்கு அது ஒரு பொறி போதும். காருக்குக் கீழே போவதென்றால் ஜக்கை மட்டும் நம்பக்கூடாது. நான் சில்லுக்குக் கல் அணை கொடுத்து, அடிச்சட்டத்தின் கீழ் தடித்த பனங்குற்றிகள் இரண்டை வைத்த பிறகுதான் தலையை உள்ளே விடுவேன்.

கழுவித் துடைத்துக் காய்ந்ததும் பவுடரை மெல்லிதாகத் தூவினேன். கீழே பத்திரிகைத் தாளை விரித்து, காரின் முன்பக்கம் எது என்று தாளில் குறித்தேன். ஒருநாள் ஓட்டத்துக்குப் பிறகு பொனற்றைத் திறந்தால் பவுடர் நனைந்த இடம் கோடாகத் தெரியும். இங்கே ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஒயில் கீழ்நோக்கி வழியும். விசிறிக் காற்றும் ஓட்டக் காற்றும் அதைப் பின்நோக்கித் தள்ளும். எனவே, சொட்டு விழும் இடம் ஊற்று அல்ல. நனைந்த இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்னுக்கும் இருக்கிறதோ அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பின்னால் சொட்டியதைப் பார்த்துப் பின்பக்கச் சீல் என்று சொல்வது, கூரையில் எங்கே ஓடு உடைந்தது என்று பாராமல் தண்ணீர் சொட்டிய நிலத்தைப் பூசுவதற்குச் சமம்.

சொட்டுவது என்ன என்பதையும் விரலில் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஒயில். பின் அச்சு ஒயில் தடிப்பாக, கெட்ட மணத்துடன் இருக்கும். சாரதி ஆசனப் பக்கத் தரைக்குக் கீழே மெல்லிய, தெளிவான திரவம் கசிந்தால் அது பிறேக் ஒயில். மைனரில் பிறேக்கின் தாய்ச் சிலிண்டர் அங்கேதான் இருக்கிறது. அப்படியானால் காரை அன்றே நிறுத்திவிட வேண்டும். மற்ற ஒழுக்குகள் பணத்தை எடுக்கும், இது உயிரை எடுக்கும்.

என் காரில் மூன்று இடங்கள் அகப்பட்டன. முதலாவது மேல்மூடி. அதன் தக்கைக் காஸ்கட் காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. ஒழுகுகிறது என்று யாரோ நட்டுகளை இறுக்கி இறுக்கி, தகர மூடியே வளைந்திருந்தது. பலகையில் வைத்துச் சிறு சுத்தியலால் விளிம்பைத் தட்டி நேராக்கினேன். புதிய காஸ்கட்டும் நட்டுகளின் கீழுள்ள றப்பர்களும் வாங்கினேன். அளவாக இறுக்கினால் போதும்.

இரண்டாவதுதான் கருகல் மணத்துக்குக் காரணம். எஞ்சினின் இடப்பக்கத்தில், புகைக்குழாய்க்குப் பின்னால் ஒளிந்தபடி இரண்டு சிறிய தகர மூடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நடுவில் ஒரேயொரு போல்ற் பிடித்திருக்கும். அங்கே கசிந்த ஒயில் சுடு குழாயில் பட்டுப் புகைந்தது. ஆண்கள் கை நுழையச் சிரமப்படும் இடம் அது, என் கை நுழைந்தது! இந்தக் காஸ்கட் கடையில் கிடைக்கவில்லை. தக்கைத் தாள் வாங்கி, மூடியை அதன்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டினேன். சட்டை வெட்டத் தெரிந்த கைக்கு இது ஒரு வேலையா? போல்ற்றின் கீழுள்ள வளையத்தையும் மாற்ற வேண்டும், அதன் வழியாகவும் ஒயில் வரும்.

மூன்றாவது, கீழ்ச் சட்டியின் வடிகால் ஆணி. அதன் செப்பு வளையம் இறுகிக் கடினப்பட்டிருந்தது. காஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் செம்பு மறுபடி மென்மையாகும். புதிது வாங்கத் தேவையில்லை.

இவற்றைச் செய்த பின்னும் பின்பக்கத்துச் சொட்டு அளவுக்கு மிஞ்சி இருந்தது. அப்போதுதான் மூச்சுக்குழாயைப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது எரிவாயு கொஞ்சம் பிஸ்ரனைத் தாண்டிக் கீழே இறங்கும். அது வெளியேற, முன் பக்கமூடியிலிருந்து ஒரு குழாய் கீழே போகிறது. அது அடைபட்டால் உள்ளே அமுக்கம் கூடி, கிடைத்த வழியெல்லாம் ஒயிலைத் தள்ளும். எத்தனை காஸ்கட் மாற்றினாலும் நிற்காது. என்னுடையதில் கரிச்சேறு நிறைந்திருந்தது. கம்பி விட்டு, மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினேன்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் வாயின்மேல் மெல்லிய பொலித்தீன் பையைப் பிடித்துப் பார்த்தேன். மெதுவாக ஊதியது. றிங்குகள் தேய்ந்திருக்கின்றன என்பதே பொருள். அதில் வியப்பில்லை. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும், கீழே இறங்கி ஒயிலையும் நீர்க்கச் செய்யும். 1990களில் இந்தக் கார் எத்தனை வருடம் அப்படி ஓடியது! இடம்பெயர்ந்தவர்களின் மூட்டை முடிச்சுகளோடு ஓடியதும் இதே றிங்குகளில்தான்.

இப்போது கிழமைக்கு அரை லீற்றர் போன இடத்தில் மாதத்துக்கு அதைவிடக் குறைவாகத்தான் ஊற்றுகிறேன். அளவுகோலின் மேற்கோட்டுக்கு மேல் ஊற்றுவதில்லை. கூடினாலும் ஒழுகும். மிச்சச் சொட்டுக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கற் தகரம் இருக்கிறது. கழிவு ஒயிலை வளவில் ஊற்ற விடமாட்டேன். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், ஊற்றியது கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் ஒயில் கலந்தது பற்றி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த பிரச்சினை எல்லோருக்கும் நினைவிருக்கும். போத்தலில் சேர்த்து, எடுக்கும் கராஜில் கொடுக்கிறேன்.

அடுத்த வருடம் கிளச் தட்டு மாற்ற எஞ்சினை எப்படியும் இறக்கத்தான் வேண்டும். றிங்கையும் பின்பக்கத்தையும் அப்போதே செய்துவிட்டால் கூலி ஒருமுறைதான். அதற்கென்று சங்கத்தில் மாதாமாதம் ஒரு தொகை போட்டு வருகிறேன். அதுவரை டிக்கியில் ஒரு லீற்றர் ஒயிலும் ஒரு துணியும் எப்போதும் இருக்கும்.