வீட்டுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று: காதைக் காக்கும் ஹெட்போன் எது?

ஹெட்போன் வாங்குபவர்கள் பெரும்பாலும் விலையையும் பேட்டரியையும் பாஸ் அதிர்வையும்தான் ஒப்பிடுகிறார்கள். காதின் நலனை முன்வைத்தால் முதலில் பார்க்க வேண்டியது, அதை எங்கே மாட்டிக்கொண்டு கேட்கப்போகிறோம் என்பதே. வீட்டில் நல்லதாக இருக்கும் ஹெட்போன், பேருந்தில் காதைக் கெடுக்கலாம்.

சுற்றுச் சத்தமே வால்யூமைக் கூட்டுகிறது

இரைச்சலில் பாட்டு எடுபட வேண்டுமானால் அதைவிடச் சத்தமாக வைத்தாக வேண்டும். ஓடும் நகரப் பேருந்துக்குள் இரைச்சல் 80 டெசிபலை எட்டக்கூடும். அப்போது கை தானாகவே வால்யூமை ஏற்றும். பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு இது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். தினமும் ஒரு மணி நேரம் பேருந்தில் இந்த அளவு சத்தத்தில் பாட்டுக் கேட்பவர் ஐந்தே நாளில் அந்த வரம்பைத் தொட்டுவிடுவார். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை என்பதால், இந்தக் கணக்கை அலட்சியப்படுத்த முடியாது.

எங்கே எது?

ரப்பர் முனை இல்லாத பிளாஸ்டிக் இயர்போன், வெளிச்சத்தத்தை அப்படியே உள்ளே விடும். பயணத்துக்கு ஆகாதது இதுதான். காதுக்குள் இறுகப் பொருந்தும் ரப்பர் முனை இயர்போன் அந்தச் சத்தத்தைத் தடுக்கும். குறைந்த விலையிலும் கிடைக்கும். இரைச்சலை நீக்கும் வசதி கொண்டவை, வெளி ஒலிக்கு நேரெதிரான அலையை உண்டாக்கி இஞ்சினின் சீரான உறுமலைக் குறைக்கின்றன. வீட்டில் இவ்வளவு அடைப்பு தேவையில்லை. காதைச் சுற்றி உட்காரும், பின்புறம் திறந்த ஹெட்போனில் குறைந்த வால்யூமே போதும், காதும் வியர்க்காது, அழைப்பு மணியும் கேட்கும்.

செவிப்பறைக்கு அருகில் இருப்பதால் இயர்போன்தான் ஆபத்து என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் செவிப்பறையை எட்டும் ஒலி எவ்வளவு, எத்தனை நேரம் என்பதே பாதிப்பைத் தீர்மானிக்கிறது. பெரிய ஹெட்போனிலும் 100 டெசிபல் வைத்தால் அதே கேடுதான். வெளிச்சத்தத்தை அடைத்தால் ஹாரன் கேட்காமல் விபத்து நேராதா என்ற கேள்வி மிக நியாயமானது. அதனால் இந்தப் பரிந்துரை பேருந்திலும் ரயிலிலும் உட்கார்ந்து போகிறவர்களுக்கு மட்டுமே. சாலையில் நடக்கும்போதும், தண்டவாளத்தைக் கடக்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் எந்த ஹெட்போனும் காதில் இருக்கக் கூடாது.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

காதில் சீழ் வடிந்தால் குணமாகும்வரை இயர்போன் வேண்டாம். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதில் இரைச்சல் நீடித்தாலோ, கூட்டத்தில் எதிரே இருப்பவர் பேசுவது புரியாமல் போனாலோ தள்ளிப்போடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று கேட்கும் திறனைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.