சிசுவின் முதல் வஸ்திரம்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தொங்கும் பட்டுப் பாவாடையும் சரிகைச் சட்டையும் கண்ணைக் கவர்வது இயல்பே. ஆயினும், ஆண்டு முழுதும் உஷ்ணமும் ஈரமும் குறையாத கிள்ளான் பள்ளத்தாக்கில் பிறக்கும் சிசுவுக்கு உகந்தது வியர்வையை உறிஞ்சும் மெல்லிய பருத்தித் துணியே.

தலைவழியே மாட்டாமல் மார்பின் பக்கத்தில் நாடாவால் முடியும் சட்டைகள் ஆறேழு போதும். தையல் ஓரம் தடித்திருக்கிறதா, பிரிந்த நூல் பிஞ்சு விரலைச் சுற்றுமா என்று உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து வாங்கி, ஒருமுறை துவைத்து உலர்த்திய பின் அணிவிப்பது உத்தமம்.

பச்சைக் குழந்தைக்குப் பழந்துணியே முதல் உடை என்ற முன்னோர் வழக்கம், துவைத்துத் துவைத்து மிருதுவான துணியின் குணமறிந்த விவேகம். ஆனால் அத்துணி அந்துருண்டையுடன் அலமாரியில் கிடந்ததாயின் அபாயம் உண்டு: ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைக்கு, அவ்வுருண்டையிலுள்ள நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை விளைவிக்கக்கூடும். மலேசியாவில் 1980களிலிருந்தே சிசுவின் தொப்புள்கொடி இரத்தத்தில் இக்குறையைச் சோதித்து வருகிறார்கள். அதன் முடிவைத் தாய்மார் அவசியம் கேட்டறிய வேண்டும்.

உறங்கும் சிசுவுக்குத் தலையணை வேண்டாம். மல்லாந்து படுக்கச் சமதளமான மெத்தை போதும். காரில் குழந்தை இருக்கை 2020 ஜனவரி முதல் சட்டப்படி கட்டாயமாதலால், சரிகைக்குச் செலவிடும் பணத்தை முதலில் அதற்கு ஒதுக்குவதே பெற்றோரின் தர்மம்.