நெல்லிச்சாறும் ஒரு முகப்பூச்சும்

பதுளையில் என்னிடம் தமிழ் பயிலும் தோட்டத்துப் பிள்ளையொருத்தி, சென்ற மாதம் முகப்பூச்சுக் குப்பியொன்றைக் காட்டினாள். நெல்லிச்சாறு கலந்ததென்று மேலே எழுதியிருந்தது. "வெள்ளையாகலாமாம், சேர்" என்றாள். விலையோ, கொழுந்து பறிக்கும் அவள் தாயின் ஒருநாட் கூலி.

நெல்லி நமக்குப் புதிதன்று. இதே ஊவாவில், பிபிலைப் பக்கத்து நில்கலைப் புல்வெளிக் காடுகளில் நெல்லியும் கடுக்காயும் தான்றியும் தாமே வளர்ந்து நிற்கின்றன. சிங்கள அயலார் இவற்றை நெல்லி, அரளு, புளு என்பர். மூன்றும் கூடினால் திரிபலை. அதியமான் ஔவைக்கு ஈந்த கனியைப் புறநானூற்று 91ஆம் பாட்டு போற்றுகின்றது. அவன் கொடுத்தது உண்பதற்கு, பூசுவதற்கன்று!

ஆயினும் பூச்சுக்காரரை முற்றும் பொய்யரென்றல் முறையாகாது. தோலுக்குக் கருமை தரும் மெலனினை ஆக்குகின்ற நொதியை, நெல்லியின் துவர்ப்புப் பொருள்கள் ஓரளவு தடுப்பதை ஆய்வுக்கூடங்களிற் கண்டுள்ளனர். ஆனால் அந்த மெலனினன்றோ மலைவெயிலின் புறவூதாக் கதிரிலிருந்து கொழுந்து பறிப்பவளைக் காப்பது! காக்கும் நிறத்தைக் கூலி கொடுத்துக் களைவதா? மலிவான வெளுப்புப் பூச்சுகள் சிலவற்றிற் பாதரசமும் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை அத்தகையவற்றை விலக்கச் சொல்கிறது.

இவற்றையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். "கறுப்பென்று சிரிப்பவர்களுக்கும் சொல்லுங்கள், சேர்" என்றாள். மறுநாள் சந்தையில் நெல்லிக்காய் வாங்கி வந்து வகுப்பில் அனைவருக்கும் பகிர்ந்தேன். அவளும் ஒன்றெடுத்துக் கடித்து, தண்ணீர் குடித்து, இனிக்கிறதென்றாள். குப்பி இன்னும் அவள் பையில்தான் இருக்கிறது.