செக்கிழுத்தல்

மக்களின் தொழிலிலும் வாழ்விலும் பிறந்து மொழியில் நிலைபெறுவன மரபுத்தொடர்கள். ஓயாத துன்ப உழைப்பைக் குறிக்கத் தமிழ்மக்கள் வழங்கும் தொடர்களுள் ஒன்று, ‘செக்குமாடுபோல் உழைத்தல்’ என்பது.

எள், நிலக்கடலை முதலியவற்றை ஆட்டி எண்ணெய் எடுக்கும் கருவி செக்கு. பெரிய உரலும் அதனுள் சுழலும் உலக்கையும் அதன் உறுப்புகள். உலக்கையோடு பிணைத்த மரத்தில் மாட்டைப் பூட்டி, அதன் கண்களைக் கட்டிச் சுற்றிவரச் செய்வர். காலைமுதல் மாலைவரை நடப்பினும் அம்மாடு அவ்விடத்தை விட்டு அகலுவதில்லை. பிழிந்த எண்ணெயும் அதற்கு உரியதன்று. ஆதலின், முன்னேற்றமும் பயனும் காணாது ஒருவன் உழலுதலை இத்தொடர் குறிப்பதாயிற்று. “பல்லாண்டு செக்குமாடுபோல் உழைத்தும் அவன் கடன் தீரவில்லை” என்பது இதற்கு எடுத்துக்காட்டு.

எனினும், ‘செக்கிழுத்தல்’ என்றவுடன் தமிழர் நெஞ்சில் வேறொரு பொருளும் தோன்றும். அப்பொருளுக்குக் காரணமான வரலாறு, முத்துக்குளித்தலாற் புகழ்பெற்ற தூத்துக்குடியில் தொடங்கியது. அங்கு வழக்கறிஞராய் விளங்கிய வ. உ. சிதம்பரனார், 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவி, ஆங்கிலேயர் கப்பல்களுக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணைநின்றார். தொழிலாளர் ஊதிய உயர்வு பெற்றனர். அவரோ அவ்வாண்டே சிறைப்பட்டார். இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றுப் பின்னர் அது குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில், மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுக்க நேர்ந்தது. 1912-இல் அவர் விடுதலையுற்றபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை.

புறத்தே நோக்குவார்க்கு இவ்விரு செயலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும், எதன்பொருட்டுச் சுற்றுகிறோம் என்பதை மாடு அறியாது. சிதம்பரனார் நன்கு அறிவார். அதனாலன்றோ மக்கள் அவரைச் ‘செக்கிழுத்த செம்மல்’ எனப் போற்றினர்? இழிவுபடுத்த எண்ணி இட்ட வேலையே அவருக்குப் புகழ்ப்பெயர் ஆயிற்று. தூத்துக்குடித் துறைமுகமும் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆகவே, பிறர் நலத்துக்காக ஒருவர் அறிந்து ஏற்ற துன்பத்தைச் செக்குமாட்டு உழைப்பு என்றல் பொருந்தாது. வேறு வழியின்றி உழலும் ஏழையின் பாட்டைத் தியாகம் என்று புகழ்ந்து அமைதலும் பொருந்தாது. முன்னவர்க்கு உரியது வணக்கம். பின்னவர்க்கு உரியது உதவி. இவ்வேறுபாட்டை உணர்ந்து சொல்லை ஆளுதல் வேண்டும்.