அரிட்டாபட்டி மலையில் 2 ஆயிரம் ஆண்டு எழுத்து!
வல்லூறு வாழும் பாறையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

ஒரு மலை. அதில் ஒரு குகை. குகையின் நெற்றியில் ஒரு வரி எழுத்து. அதைப் பாறையில் வெட்டி 2 ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது!

அந்தக் காலத்தில் அச்சு எந்திரம் இல்லை. காகிதம் இல்லை. ஆனாலும் ஒரு மனிதர் செய்த தர்மம் இன்றுவரை அழியாமல் நிற்கிறது. வெளியன் என்பவர் அந்தக் குகையைக் கொடுத்தார் என்று அந்த வரி சொல்கிறது. அவர் நெல்வேலி ஊர்க்காரர். துறவிகள் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கித் தங்குவதற்காகக் குகையைச் செம்மை செய்து கொடுத்திருக்கிறார்.

இந்த மலை எங்கே இருக்கிறது? மதுரையில் இருந்து சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில், மேலூர் வட்டத்தில் இருக்கிறது. ஊரின் பெயர் அரிட்டாபட்டி.

வில்லாபுரத்தில் இருந்து போவது எப்படி?

வில்லாபுரம் மதுரையின் தென்பக்கம். அங்கே உள்ள பிள்ளைகள் விடுமுறை நாளில் எங்கே போவார்கள்? திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், ராஜாஜி பூங்கா. அதை விட்டால் சினிமா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வடக்கே போய்ப் பாருங்கள். முதலில் மாட்டுத்தாவணி. அங்கே இருந்து மேலூர் சாலை. ஒத்தக்கடை வந்ததும், யானை படுத்திருப்பதுபோல ஒரு பெரிய பாறை தெரியும். அதுதான் யானைமலை. பஸ்சில் தூங்கும் பிள்ளைகளைத் தட்டி எழுப்பிக் காட்டலாம். பிறகு, மெயின் ரோட்டை விட்டு உள்ளே பிரிந்தால் அரிட்டாபட்டி.

அங்கே சுற்றுச்சுவர் போட்ட பூங்கா கிடையாது. ஊஞ்சல் இல்லை, சறுக்கு மரம் இல்லை. கூண்டில் அடைத்த சிங்கம் இல்லை. வயல், கண்மாய், பாறை, வானம். அவ்வளவுதான்! "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று பிள்ளைகள் முதலில் முணுமுணுப்பார்கள். கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும்.

மழை நீர் எங்கே போகிறது?

இங்கே வரிசையாக 7 குன்றுகள். குன்றின் மேலே மண் குறைவு. எல்லாம் கெட்டிப்பாறை. அதில் மழை பெய்தால் என்ன ஆகும்? பிள்ளைகளிடமே கேளுங்கள்.

பாறை நீரைக் குடிக்காது. ஆகவே நீர் வழிந்து ஓடும். பாறைப் பிளவில் புகுந்த நீர் கீழே ஓர் இடத்தில் சுனையாகக் கசியும். மற்ற நீர் ஓடையாக இறங்கிக் கண்மாய்க்குப் போகும். அந்தக் கண்மாய் நிரம்பினால், கலிங்கு வழியாக மிச்ச நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கு அடுத்தது. மடையைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர்.

இப்படி இங்கே 72 ஏரி, குளங்கள் இருக்கின்றன. 200 சுனைகள், 3 தடுப்பணைகள் வேறு. ஆனைகொண்டான் என்ற கண்மாய் 16-ம் நூற்றாண்டில் கட்டப்பட்டது என்று அரசாங்கக் குறிப்பு கூறுகிறது.

மலை இருந்தால் ஓடை உண்டு. ஓடை இருந்தால் கண்மாய் உண்டு. கண்மாய் இருந்தால் நெல் உண்டு. மலையில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்தால், தண்ணீர் வரும் வழி மாறிவிடும். இந்தக் கணக்கு அந்த ஊர் விவசாயிகளுக்குப் படிக்காமலே தெரியும். மதுரை நகருக்குள் கண்மாய் இருந்த இடங்களில் வீடுகள் வந்துவிட்டன. நகரத்துப் பிள்ளைகள் மடையையும் கலிங்கையும் கண்ணால் பார்க்க இப்படி ஊருக்கு வெளியேதான் வரவேண்டி இருக்கிறது.

வானத்து வேட்டைக்காரன்

இங்கே சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகி இருக்கின்றன. அவற்றில் 3 பறவைகள் முக்கியமானவை. லகார் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு. மூன்றுமே வேட்டைப் பறவைகள்.

ஷாஹீன் வல்லூறு கோழிப்பண்ணைப் பக்கம் வட்டமிடும் பருந்து போன்றது அல்ல. உயரத்தில் பறந்துகொண்டே இருக்கும். கீழே ஒரு புறாவைக் கண்டால் சிறகை ஒடுக்கிக்கொண்டு கல் விழுவதுபோலப் பாயும். இந்த இனம் பாயும்போது வேகம் மணிக்கு 300 கிலோ மீட்டரைத் தாண்டும். ரெயிலாவது, காராவது! உலகில் இதைவிட வேகமான உயிர் கிடையாது.

இது மரத்தில் குச்சி வைத்துக் கூடு கட்டுவதில்லை. செங்குத்தான பாறையில், யாரும் எட்ட முடியாத விளிம்பில் முட்டை இடும். பாறை போனால் அதற்கு வீடு போயிற்று.

அலங்கு என்கிற எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவையும் இங்கே உண்டு. ஆனால், போன அன்றே அவை கண்ணில் படும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தேவாங்கும் அலங்கும் இரவில்தான் வெளியே வரும்.

கையில் தடி ஏந்திய குரு

மலையைக் குடைந்து ஒரு சிவன் கோவில் இருக்கிறது. செங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. பாறையைச் செதுக்கிச் செதுக்கி உள்ளே அறை செய்திருக்கிறார்கள். முற்காலப் பாண்டியர் காலத்துக் கோவில் அது.

வாசலின் ஒரு பக்கம் பிள்ளையார். மறு பக்கம் இருப்பவர் யார்? பெரியவர்களுக்கே தெரியாது. அவர் பெயர் லகுலீசர். கையில் தடி ஏந்தியவர். பாசுபத சைவர்களின் குரு. குஜராத் பக்கம் தோன்றியவர் என்பார்கள். தமிழ்நாட்டில் இவருடைய சிலைகள் மிகக் குறைவு.

இன்னொரு பக்கம் பாறையில் மகாவீரர் சிற்பம். அவர் பீகாரில் பிறந்தவர். இந்தச் சிற்பத்தைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற சமண முனிவர். கீழே வட்டெழுத்தில் அவர் பெயர் இருக்கிறது. யானைமலையில் உள்ள சமணச் சிற்பங்களிலும் இதே அச்சணந்தி பெயரைப் பார்க்கலாம்.

குஜராத்து குருவும் பீகார் மகானும் மேலூர்ப் பக்கத்து மலையில்! பஸ்சும் ரெயிலும் இல்லாத காலத்தில் இந்த எண்ணங்கள் எப்படித்தான் நடந்தே வந்தனவோ?

மலைக்கு வந்த ஆபத்து

2022-ம் ஆண்டு நவம்பரில், அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய 2 கிராமங்களில் உள்ள 193.42 ஹெக்டேர் நிலத்தைத் தமிழக அரசு "பல்லுயிர் பாரம்பரியத் தலம்" என்று அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே இதுதான் முதலாவது.

அறிவித்தபிறகு மலை பிழைத்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2 ஆண்டு கழித்து இடி விழுந்தது!

2024-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி மத்திய சுரங்க அமைச்சகம் ஓர் ஏல முடிவை வெளியிட்டது. நாயக்கர்பட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஒரு கம்பெனி தேர்வு ஆயிற்று. பரப்பு 2,015.51 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் கிட்டத்தட்ட 5 ஆயிரம்! அதற்குள் அரிட்டாபட்டித் தலத்தின் நிலமும் அடங்கி இருந்தது.

டங்ஸ்டன் என்றால் என்ன? பழைய குண்டு பல்பில் ஒளிவிடும் மெல்லிய கம்பி இருக்கிறதே, அதுதான். சாதாரணச் சூட்டுக்கு உருகாத உலோகம். ஆயுதம் செய்யவும், இரும்பை அறுக்கும் கருவி செய்யவும் தேவைப்படுகிறது. நாட்டுக்கு வேண்டிய பொருள்தான். ஆனால் அதற்காக எதை இழப்பது என்பதல்லவா கேள்வி?

கிராமத்து மக்கள் பயந்து ஒதுங்கவில்லை. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுத்து எடுத்ததை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். ஒரு குன்று போனால் திரும்பி வராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

டிசம்பர் 9-ந் தேதி சட்டசபையில் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேறியது. பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுவிடுவதுபற்றி ஆராயலாம் என்று மத்திய அரசு சொன்னது. "பாதி வேண்டாம், முழுவதும் கைவிடுங்கள்" என்றார்கள் மக்கள். 2025-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி, நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். பெண்கள் நடந்தார்கள். வயதானவர்கள் நடந்தார்கள்.

ஜனவரி 23-ந் தேதி ஏலம் ரத்து ஆயிற்று!

மலைக்குச் சொந்தக்காரர் யார் என்று பிள்ளைகள் கேட்டால், இந்தக் கதையைச் சொல்லலாம். வெளியன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நடந்துபோன இவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

எப்போது போகலாம்?

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போவது நல்லது. மார்கழி, தை மாதங்களில் கண்மாயில் தண்ணீர் நிற்கும். பறவைகளும் அதிகம். சித்திரை வெயிலில் பாறை கொதிக்கும்; வேண்டாம்.

காலை 6 மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பினால், வெயில் ஏறுமுன் மலையைப் பார்த்துவிடலாம். கட்டுச்சோறும் வேண்டிய தண்ணீரும் கொண்டு போங்கள். ரப்பர் செருப்பு பாறையில் வழுக்கும். அப்பத்தா, தாத்தாவுக்கு மலை ஏற முடியாவிட்டால், கண்மாய்க் கரை மர நிழலில் உட்கார வையுங்கள். மடை, கலிங்கு கதை எல்லாம் அவர்கள் சொன்னால்தான் சுவை.

வல்லூறு இருக்கும் பாறைக்கு அருகே சத்தம் போடக்கூடாது. கல்லும் எறியக்கூடாது. குகைக்கு வழி தெரியாவிட்டால் ஊருக்குள் யாரையாவது கேளுங்கள்.

பழைய எழுத்தைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குக் கை துறுதுறு என்று இருக்கும். தங்கள் பெயரையும் பாறையில் கிறுக்கத் தோன்றும். புறப்படும்போதே ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து விடுங்கள். அந்த ஒரு வரியை அதில் பார்த்து எழுதட்டும். சில எழுத்துக்கள் இன்றைய எழுத்தைப்போலவே இருக்கும். எவை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.