ஆலைச் சங்கு ஓய்ந்த பின்னர்

வேலை பறிபோன மனிதரை நாம் அனைவரும் அறிவோம். நம் தெருவிலோ, உறவிலோ, சில வேளைகளில் நம் வீட்டிலேயோ அவர் இருக்கின்றார். அவர் பணியாற்றிய ஆலை மூடப்பட்டது; அல்லது ஆட்குறைப்பு என்று ஒரு தாள் அவர் கையில் தரப்பட்டது. முதல் சில நாட்கள் உறவினர் வந்து ஆறுதல் கூறுகின்றனர். "வேறு வேலை கிடைக்காமலா போய்விடும்?" என்கின்றனர். மாதங்கள் செல்கின்றன. அவர் காலையில் தாமதமாக எழுகின்றார். முகச் சவரம் செய்து கொள்ள மறக்கின்றார். திருமண வீடுகளுக்குச் செல்வதைத் தவிர்க்கின்றார். வீட்டார் சொல்லும் சிறு சொல்லும் அவர் நெஞ்சில் தைக்கின்றது. "மனிதர் சோம்பேறியாகிவிட்டார்" என்று அக்கம்பக்கத்தார் பேசத் தொடங்குகின்றனர்.

உண்மையிலேயே அவர் சோம்பேறியாகிவிட்டாரா? வேலையோடு அவர் இழந்தது சம்பளத்தை மட்டும்தானா? இக்கேள்விக்கு விடை தேடுவோருக்கு, ஆஸ்திரியா நாட்டில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்று பெரிதும் துணை செய்யும்.

ஒரு சிற்றூரின் கதை

வியன்னா மாநகருக்குத் தென்கிழக்கே மரியந்தால் என்றொரு சிற்றூர் இருக்கின்றது. தலைமுறை தலைமுறையாக அவ்வூர் ஒரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1929-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அந்த ஆலை தள்ளாடியது. 1930-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறவே மூடப்பட்டது. அங்கிருந்த 478 குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை ஒரே அடியில் வருமானத்தை இழந்தன.

1931-ஆம் ஆண்டின் இறுதியில் வியன்னாவிலிருந்து இளம் ஆய்வாளர் சிலர் அங்குச் சென்றனர். மரீ யஹோடா என்ற பெண்மணியும், பவுல் லாசர்ஸ்பெல்டு, ஹான்ஸ் சைசல் ஆகியோரும் அவர்களுள் முதன்மையானவர்கள். அவர்கள் வெறும் வேடிக்கை பார்க்கச் செல்லவில்லை. பழைய உடைகளைத் திரட்டி மக்களுக்கு வழங்கினர்; மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்தனர்; தையல் வகுப்பு நடத்தினர். இவ்வாறு ஊராரோடு பழகிக்கொண்டே அவர்களுடைய வாழ்க்கையை உற்று நோக்கினர்.

அவர்கள் கண்டது அவர்களுக்கே வியப்பளித்தது. வேலையில்லாதவருக்கு ஓய்வு நேரம் ஏராளம். ஆகவே அவர்கள் நிறையப் படிப்பார்கள், சங்கங்களில் கூடுவார்கள் என்று நாம் எண்ணுவோம். அங்கு நிகழ்ந்ததோ நேர்மாறானது. ஊர் நூலகத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட நூல்களின் எண்ணிக்கை 1929-க்கும் 1931-க்கும் இடையே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. செய்தித்தாள் வாங்குவோர் குறைந்தனர். ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடத் தளர்ந்தது. சிறிது தூரம் நடப்பதற்குள் பலமுறை நின்றனர். நேரம் பார்க்கும் தேவை இல்லாமற் போனமையால் பெரும்பாலோர் கடிகாரத்தையே எடுத்துச் செல்லவில்லை. நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால், எழுந்ததும், உண்டதும், உறங்கியதும் தவிர வேறொன்றும் பலருக்கு நினைவில் இல்லை.

பெண்களின் நிலை சற்று வேறாக இருந்தது. சமையலும், துணி தைப்பதும், பிள்ளைகளைப் பேணுவதும் அவர்களுடைய நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தன. ஆயினும் முன்பு ஆலையில் பணி செய்த பெண்கள் பலர், வீட்டு வேலையின் சுமை எவ்வளவு இருந்தாலும் மீண்டும் ஆலைக்கே செல்ல விரும்பினர். கூலிக்காக மட்டுமன்று, நாலு பேரோடு கூடிப் பணி செய்யும் அந்த வாழ்க்கைக்காகவும் ஏங்கினர்.

சம்பளத்தோடு போகும் ஐந்து

இந்த ஆய்வு 1933-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. யஹோடா அம்மையார் இப்பொருளைத் தம் வாழ்நாள் முழுவதும் சிந்தித்து, 1982-ஆம் ஆண்டில், தமது 75-ஆம் வயதில், மற்றுமொரு நூல் எழுதினார். வேலை என்பது கூலியைத் தருவதோடு, நாம் கேளாமலே வேறு ஐந்து நன்மைகளையும் தருகின்றது என்று அதில் அவர் விளக்கினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு. குடும்பத்திற்கு அப்பால் மனிதர்களின் உறவு. பலர் கூடிச் செய்யும் ஒரு காரியத்தில் பங்கு. ஊரார் நடுவே ஓர் இடம். உடலையும் உள்ளத்தையும் இயங்கச் செய்யும் முயற்சி ஆகியவையே அவ்வைந்து.

வேலை போகும் நாளில் இவ்வைந்தும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஆனால் சம்பளம் நின்றதை மட்டுமே நாம் காண்கின்றோம். மற்றவை போனதன் விளைவைக் காணும்போது அதற்குச் சோம்பல் என்று பெயரிட்டு விடுகின்றோம். இது எவ்வளவு பெரிய அநீதி! மரியந்தால் ஆண்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களைத் தாங்கி நின்ற தூண்கள் சாய்ந்துவிட்டன.

ஊதியமற்ற பணி தந்த உயிர்

அதே காலத்தில் வியன்னாவில் விக்டர் பிராங்கல் என்ற மருத்துவர், மனச்சோர்வுற்ற இளைஞர்களுக்கு ஆலோசனை வழங்கி வந்தார். வேலையற்ற இளைஞர்கள் பலர், "எனக்கு வேலை இல்லை, ஆகவே நான் பயனற்றவன், ஆகவே என் வாழ்வுக்குப் பொருளில்லை" என்னும் முடிவுக்கு வந்திருந்ததை அவர் கண்டார். அவர்களுக்கு வேலை வாங்கித் தர அவரால் இயலவில்லை. ஆனால் இளைஞர் மன்றங்கள், முதியோர் கல்வி வகுப்புகள், பொது நூலகங்கள் ஆகியவற்றில் ஊதியமின்றித் தொண்டு செய்யுமாறு தூண்டினார். அவர்கள் கையில் காசு சேரவில்லை. வயிற்றுப் பசியும் தீரவில்லை. எனினும் அவர்களைப் பிடித்திருந்த சோர்வு அகன்றது. பயனற்றவன் என்ற எண்ணமே அவர்களை வாட்டியிருந்தது என்பது தெளிவாயிற்று.

இதைக் கொண்டு, பசித்திருப்பவருக்குத் தொண்டு செய்யும்படி உபதேசம் பண்ணினால் போதும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. கூலிக்கு ஈடு கூலியே. ஆனால் அடுத்த கூலியைத் தேடிச் செல்லும் மனிதருக்கு நிமிர்ந்து நிற்கும் வலிமை வேண்டும். போன ஐந்தையும் மீட்டுக்கொள்வது அந்த வலிமையைத் தரும்.

யஹோடா அம்மையாரின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1936-ஆம் ஆண்டில் அவர் அரசியல் காரணங்களுக்காகச் சிறைப்பட்டார். மறு ஆண்டில் தாய்நாட்டை விட்டே வெளியேற வேண்டியவரானார். வீடு, பணி, மொழி யாவற்றையும் விட்டு இங்கிலாந்து சேர்ந்தார். அங்கே அவர் முதலில் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று, தென் வேல்ஸில் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளரோடு தங்கி அவர்களுடைய நிலையை ஆராய்வதாகும். தம்மிடம் எஞ்சியிருந்த திறமையைப் புதிய மண்ணில் ஊன்றினார். பின்னர் அமெரிக்காவிலும், 1965 முதல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக விளங்கினார்.

நம் இல்லங்களில்

நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடங்கள் எளியவை.

முதலாவதாக, நாளின் ஒழுங்கைக் காத்துக்கொள்வோம். வேலைக்குச் சென்ற நாட்களில் எழுந்த அதே நேரத்தில் எழுதல், குளித்து உடுத்தல், காலை வேளையை வேலை தேடுவதற்கென்றே ஒதுக்குதல் ஆகியவை சிறு காரியங்களாகத் தோன்றலாம். மரியந்தாலில் சிதைந்தது நாளின் இத்தகைய ஒழுங்குதான்.

இரண்டாவதாக, மறைக்க வேண்டாம். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குச் செல்வது போல் வெளியேறி, பூங்காவில் அமர்ந்திருந்து மாலையில் திரும்பும் தந்தையர் உண்டு. அவர்களுடைய துன்பம் இரட்டிப்பாகின்றது. மனைவிக்கும் விவரம் அறிந்த பிள்ளைகளுக்கும் உண்மையைக் கூறிவிட்டால், செலவைச் சுருக்கும் பொறுப்பைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும். சேர வேண்டிய பணிக்கொடையையும் வருங்கால வைப்பு நிதியையும் கேட்டுப் பெறுவதில் வெட்கம் எதற்கு? அது உழைப்பின் பலன். ஆனால் அப்பணம் முழுவதையும் பழக்கமில்லாத ஒரு கடையில் அவசரமாகப் போட்டுவிட வேண்டாம்.

மூன்றாவதாக, நம்மிடம் எஞ்சியிருப்பதை எண்ணிப் பார்ப்போம். ஆலை மூடப்படலாம், கை கற்ற தொழில் மூடப்படுவதில்லை. இருபது ஆண்டுகள் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர் நீர் இறைக்கும் மோட்டாரையும் பழுதுபார்ப்பார்; தொழிற்பயிற்சி பெறும் இளைஞர்களுக்கும் கற்றுத் தருவார். கணக்கு எழுதியவர் சிறு வணிகர் பலருக்குக் கணக்கு எழுதலாம். பழைய வேலையில் நமக்கு மகிழ்ச்சி தந்த பகுதி எது என்று கேட்டுக்கொண்டால், அடுத்த வழி அங்கிருந்தே புலப்படக் கூடும். முன்னதைவிடச் சம்பளம் குறைந்த பணியே முதலில் கிடைத்தாலும், அதில் கற்றுக்கொள்ள ஏதேனும் இருக்குமாயின் அதை ஏற்பது தாழ்வாகாது.

நான்காவதாக, பங்கு மக்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. வேலையிழந்தவரைக் காணும்போதெல்லாம் "ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்பது அவர் புண்ணைக் கிளறுவதாகும். அவருக்கு ஒரு பொறுப்பைத் தருவோம். மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும், நூலகத்தைக் கவனிக்கவும், விழாச் செலவுக் கணக்கைச் சரிபார்க்கவும் அவரை அழைப்போம். உதவி பெறுபவராக மட்டும் அவரை நடத்தாமல், நமக்கு உதவுபவராக நடத்துவோம். அவருக்கேற்ற பணி எங்கேனும் இருப்பதாக அறிந்தால், அன்றே அவர் வீட்டிற்குச் சென்று கூறுவோம்.

அடுத்த ஞாயிறன்று ஆலய முற்றத்தில், கூட்டத்தினின்று விலகி வேப்ப மரத்தடியில் தனித்து நிற்கும் ஒருவரை நாம் காணக்கூடும். அவரைச் சோம்பேறி என்று கருதிக் கடந்து சென்றுவிட வேண்டாம். அருகில் சென்று, "ஐயா, உங்களால் எங்களுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கின்றது" என்று சொல்லுவோம். நெடுநாளாக அவர் கேட்க ஏங்கியது அந்தச் சொல்லாகவே இருக்கலாம்.